ஐதிஹ்யமும் அபவாதமும்: பிராட்டியின் நடுப்பிரிவை முன்னிட்டு ஒரு விசாரம்



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்னும் குன்று உள்ளது. குன்றின்மேல் சோழர் காலக் கல்வெட்டுகளோடு கூடிய சிவாலயமும், இடிந்த கோட்டையின் எச்சங்களும் காணப்படுகின்றன. 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுடைய எழுத்தில் இவ்வூர் ‘பெர்மாகோயில்’ ஆயிற்று. குன்றிலுள்ள ஒரு குகையைச் ‘சீதை குகை’ என்று இப்பக்கத்தார் வழங்குவர். காட்டில் விடப்பட்ட பிராட்டி, இங்கே வால்மீகி பகவானுடைய ஆச்ரமத்தில் தங்கிக் குசலவர்களைப் பெற்றாளாம். பிரசவ வேதனையில் அவள் முக்கியதனால் ஊருக்கு இப்பெயர் வந்ததாம். இவ்விரண்டு ‘ஆம்’களையும் வாசகர்கள் நினைவில் வைத்தருள வேண்டும். இக்கட்டுரை அந்த ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லைப் பற்றியதே.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பெருமுக்கலை அடுத்த ஒரு சிற்றூரின் பஜனை மடத்தில் அடியேன் உத்தரகாண்ட உபந்யாஸம் செய்தேன். அடியேனுக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. தகப்பனாரிடம் வீட்டுத் திண்ணையில் கற்ற கல்வி முற்றுவதற்கு முன்பே, நாவில் சற்று வேகம் வந்திருந்தது. பிராட்டியைக் காட்டுக்கு அனுப்பக் காரணமான வண்ணானுடைய வார்த்தையை, அவன் குரலிலும் அவன் மனைவி குரலிலும் நடித்துக் காட்டினேன். சபை நன்றாகச் சிரித்தது. மறுநாட்காலை, அவ்வூர்ச் சந்நிதியின் திருப்பரிவட்டங்களை வெளுத்து வந்த பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அடியேனுடைய தகப்பனார் வயதினர். “சாமி, சீதையம்மாவ காட்டுக்கு அனுப்புனது எங்க ஆளு சொன்ன சொல்லுன்னு நேத்து சொன்னீங்களே, அது மூலத்துல இருக்குதுங்களா? காலையில எம் பேரனை அதச் சொல்லித்தான் புள்ளைங்க கேலி பண்ணுது” என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த ஸர்க்கம் என்று நினைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினேன். அன்றிரவு வீடு திரும்பித் தகப்பனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கிரந்த லிபியில் அச்சான உத்தரகாண்டத்தை எடுத்து முன்னே வைத்து, “மூலம் பாராமல் பேசினவன், ஸாக்ஷி கேளாமல் தீர்ப்புச் சொன்னவனோடு ஒப்பான்; நீயே பார்” என்றார். பார்த்தேன். அதில் வண்ணான் இல்லை.

1. மூலத்தில் உள்ளதும் பின்னர் வந்ததும்

ஸ்ரீராமாயணத்து உத்தரகாண்டம் நாற்பத்துமூன்றாம் ஸர்க்கத்தில், நகரத்தார் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பெருமாள் தம் தோழர்களைக் கேட்கிறார். பத்ரன் என்பவன் முதலில் நல்லதை மட்டும் சொல்லுகிறான். நல்லதும் தீயதும் அஞ்சாமல் சொல் என்று அவர் வற்புறுத்திய பின்பே அபவாதம் வெளிவருகிறது. நாற்சந்திகளிலும் கடைகளிலும் வீதிகளிலும் தோட்டங்களிலும் ஜனங்கள் இவ்வாறு பேசுகிறார்கள் என்கிறான். இராவணன் எடுத்துச் சென்று இலங்கையில் வைத்திருந்தவளை எப்படி ஏற்றார், அரசன் செய்வதைத்தானே குடிகள் பின்பற்றுவர், இனி நம் மனைவியர் விஷயத்திலும் நாம் இதைப் பொறுக்க வேண்டியதாகுமே என்பது அப்பேச்சின் ஸாரம். பத்ரன் ஒருவனுடைய பெயரையும் சொல்லவில்லை; ஒரு குலத்தையும் சொல்லவில்லை. பேசினது ஊர்.

காளிதாஸன் ரகுவம்சத்துப் பதினான்காம் ஸர்க்கத்தில் இந்தப் பத்ரனையே ஒற்றனாகக் கொண்டான். பவபூதி உத்தரராமசரிதத்தில் துர்முகன் என்னும் ஒற்றனை வைத்தான். ஆனால் அவன் சொல்லும் வார்த்தையைச் சபையோர் கேட்பதில்லை. அவன் அதைப் பெருமாள் திருச்செவியில் மட்டும் ஓதும்படி நாடகம் அமைந்திருக்கிறது. அபவாதத்தை மறுபடியும் உரக்கச் சொல்வதும் அபவாதமே என்று அம்மஹாகவி எண்ணினான் போலும். சிரிப்புக்காக அதை இரண்டு குரலில் நடித்த அடியேனுக்கு இந்த நுட்பம் அன்று தெரியாமற்போயிற்று.

ஸ்ரீமத் பாகவதத்து ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ஊர் சுருங்கி ஒருவனாகிறது. இரவில் உருமறைத்து உலாவும் பெருமாள், யாரோ ஒருவன் தன் மனைவியை வெறுத்துப் பேசும்போது இவ்வார்த்தை வரக் கேட்கிறார். அங்கும் அவனுக்குக் குலம் இல்லை. பாத்மபுராணத்துப் பாதாளகண்டத்தில்தான் அவன் வண்ணானாகிறான். அங்கே கதை இன்னும் ஓரடி நகர்கிறது. சிறுமியாயிருந்த பிராட்டி, கருவுற்றிருந்த ஒரு பெண்கிளியை அதன் துணையிடமிருந்து பிரித்து வைத்ததாகவும், அக்கிளியின் சாபமே அவளுக்குப் பலித்ததாகவும், துணையிழந்து மாண்ட ஆண்கிளியே வண்ணானாகப் பிறந்ததாகவும் அங்கே சொல்லப்படுகிறது.

புராணத்தின் ப்ராமாண்யத்தை இங்கே ஆராய வரவில்லை. கர்மபலனைக் காட்டுவதற்காக வந்த உபாக்யானம் என்று அதற்குக் கருத்துரைக்கலாம். ஆனால் அவ்வார்த்தையின் பழி நடந்து வந்த வழியைப் பார்க்க வேண்டும். முதலில் ஊரெல்லாம் பேசிற்று. பிறகு ஒருவன் பேசினான். பிறகு, எதிர்த்துப் பேச வகையில்லாத ஒரு குலத்தான் பேசினான். கடைசியில், பேச்சுக்கு இலக்கானவளே அதற்குக் காரணமானாள். ஊர் தப்பித்துக்கொண்டது. கதாகாலக்ஷேபங்களிலும் தெருக்கூத்திலும் நாம் பெரும்பாலும் மூன்றாவது படியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூலத்தைச் சொன்னால் கேட்கிற சபையையே சுட்ட வேண்டியிருக்கும். வண்ணானைச் சொன்னால் சபை சிரித்துவிட்டு எழுந்து போகலாம்.

2. ‘கில’ என்பதும் ‘ஆம்’ என்பதும்

ஸம்ஸ்க்ருதத்தில் ‘கில’ என்றோர் அவ்யயம் உண்டு. அமரஸிம்ஹன் அதற்குச் செய்தி என்றும், இருக்கலாம் என்கிற ஸம்பாவனை என்றும் இரு பொருள் காட்டினான். தமிழில் ‘வந்ததாம்’, ‘போனாளாம்’ என ஈற்றில் நிற்கும் ‘ஆம்’ ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. இச்சொற்கள் பொய்ச்சொற்கள் அல்ல. சொல்லுகிறவன் இது நான் கண்டதன்று, கேட்டதே என்று ஒப்புக்கொள்வதற்காக ஏற்பட்ட நேர்மையான சொற்கள். எனினும் இதே நேர்மைக்குள் ஒரு வழுவும் ஒளிந்திருக்கிறது. ‘ஆம்’ என்று முடித்தவன் அவ்வார்த்தைக்குப் பொறுப்பாளி அல்லன். அவனுக்குச் சொன்னவனும் ‘ஆம்’ என்றே முடித்தான். சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் அது அடுத்த கண்ணியைக் காட்டும்.

நியாய பாஷ்யகாரரான வாத்ஸ்யாயனர் இதற்கு ஐதிஹ்யம் என்று பெயரிட்டு, சொன்னவர் இன்னார் என்று குறிக்கப்படாமல் வழிவழி வரும் பேச்சு என்று லக்ஷணம் கூறினார். இந்த ஆலமரத்தில் யக்ஷன் வஸிக்கிறான் என்று பெரியோர் சொல்லுவர் என்பது தர்க்க நூல்களில் இதற்கு வழங்கும் உதாரணம். சொன்னவன் ஆப்தன் என்று தெரிந்தால் அது சப்த ப்ரமாணத்தில் அடங்கும். தெரியாவிட்டால் ப்ரமாணமே ஆகாது.

பத்ரன் கொணர்ந்தது இத்தகைய ஐதிஹ்யமே. அதைக் கேட்டபின் பெருமாள் செய்ததை வால்மீகி பகவான் மிக நுட்பமாகக் காட்டுகிறார். மற்றத் தோழர்களை நோக்கி இது இப்படித்தானா என்று கேட்க, அவர்கள் தலை தரையிற்பட வணங்கி, இப்படியே, ஐயமில்லை என்கிறார்கள். எதற்கு ஐயமில்லை? ஊர் இப்படிப் பேசுகிறது என்பதற்கு ஐயமில்லை. ஊர் பேசுவது உண்மை என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பேச்சு உண்டு என்கிற உறுதி, பேச்சின் பொருளுக்கே உறுதியாக மாறிச் செயல்படுகிறது. வதந்தியின் ஆட்சி தொடங்குமிடம் இதுவே.

இதனினும் வியப்பானது நாற்பத்தைந்தாம் ஸர்க்கம். பிராட்டி தூயவள் என்று தம் உள்ளம் அறியும் என்று பெருமாள் தாமே தம்பியரிடம் சொல்லுகிறார். இலங்கையில் அக்னியும் தேவர்களும் ஸாக்ஷியானதையும் நினைவூட்டுகிறார். அப்படியிருந்தும், ஒருவனைப் பற்றிய அபகீர்த்தியின் சப்தம் உலகில் எவ்வளவு காலம் ஒலிக்கிறதோ அவ்வளவு காலமும் அவன் கீழுலகங்களிலேயே விழுந்து கிடப்பான் என்கிறார். அவரை ஆண்டது அச்சொல்லின் பொருள் அன்று. பொருள் பொய் என்று அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. ஆண்டது அதன் ஒலிப்பு, அது நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிற தன்மை. சொல் மனிதரை ஆள அது நம்பப்பட வேண்டும் என்பதில்லை. பிறர் நம்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினால் போதும்.

அதே ஸர்க்கத்தில் மற்றொன்றும் நிகழ்கிறது. இவ்விஷயத்தில் எனக்கு மறுமொழி கூறலாகாது, இடையில் தடுக்கிறவன் எனக்குப் பகைவன் என்று தம் உயிர்மேல் ஆணையிட்டுத் தம்பியரின் வாயைப் பெருமாள் அடைக்கிறார். பிராட்டிக்கோ கங்கையைக் கடக்கும்வரை ஒன்றும் தெரியாது. முனிவர் ஆச்ரமங்களைக் காண வேண்டும் என்று முந்தின நாள் தான் கேட்ட வரத்தின்படியே அழைத்துச் செல்லப்படுவதாக எண்ணித் தேரேறினாள். ஆக, ஊர் பத்ரனிடம் சொல்லிற்று; பத்ரன் பெருமாளிடம் சொன்னான்; பெருமாள் இளைய பெருமாளிடம் சொன்னார்; இளைய பெருமாள் ஆற்றின் அக்கரையில் பிராட்டியிடம் சொன்னார். யாரைப் பற்றிய வார்த்தையோ அவளிடம் அது கடைசியாக வந்தது, தீர்ப்பாக வந்தது. முன்பு மந்தரையின் வார்த்தையும் இவ்வாறே அந்தப்புரத்துத் தனிமையில் பலித்தது. சபையில் அது ஒருமுறை உரக்கச் சொல்லப்பட்டிருந்தால், வஸிஷ்டர் முதலானோர் முன்பு ஒரு நாழிகைகூட நின்றிராது.

இதனால் தேறுவது இது. ஆளும் சொல்லுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: சொன்னவன் பெயர் இராது, கேட்டவனுக்கு மறுமொழி இராது.

பெருமாள் செய்ததைக் குறை கூறுவதாகாதோ என்று சிலர் கேட்கக் கூடும். ஆகாது. ராஜதர்மத்தின் சுமை அவருடையது. அதனால் எரிந்ததும் அவர் திருவுள்ளமே என்பதை அக்காண்டமே காட்டும். நாம் விசாரிப்பது அவரை அன்று, அவரையும் அச்சுறுத்தும் அளவு வளர்ந்த ஊர்ப்பேச்சை. அந்த ஊரில் நாமும் குடியிருக்கிறோம்.

இது பழங்கதை அன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த ஓர் ஊர்வழியே, குலதெய்வத்தின் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் வந்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் சுற்றுகிறதாம் என்று அந்நாட்களில் கைப்பேசிகளின் வழியே பரவியிருந்த பேச்சு ஊராரின் கைகளை ஆண்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவர் யார், எதற்கு வந்தார் என்பதற்கு மறுமொழி சொல்ல இடம் கொடுக்கப்படவில்லை. அவ்வாண்டு நாட்டின் வேறு பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. பின்னர் ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் இரண்டு காரியம் செய்தது. பிறரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பினால், அது அனுப்பினவரே எழுதியதன்று என்று காட்டும் அடையாளத்தை இட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பும் கட்டிற்று. முதலாவது, இயந்திரம் தானே இடுகிற ‘கில’. அமரகோசத்தில் கற்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பிரயோகம் வரும் என்று பேரன் கைப்பேசியில் அதைக் காட்டியபோது அறிந்தேன். ஆனால் ‘ஆம்’ என்று எழுதி ஒட்டுவதால் மட்டும் அதன் வேகம் தணியாது என்பது மேலே சொன்னதாலேயே விளங்கும்.

3. ‘பிரிந்தது’ என்னும் சொல்

இனி நம் ஸம்ப்ரதாயத்து நூலுக்கு வருவோம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தின் தொடக்கத்தில், பிராட்டி பெருமாளைப் பிரிந்த மூன்று பிரிவுகளுக்கும் ப்ரயோஜனம் அருளிச்செய்கிறார். இலங்கைக்குப் போன முதற்பிரிவு அவளுடைய க்ருபையை வெளியிடுவதற்கும், காட்டுக்குப் போன நடுப்பிரிவு பாரதந்த்ர்யத்தை வெளியிடுவதற்கும், பூமிக்குள் புகுந்த கடைப்பிரிவு அநந்யார்ஹத்வத்தை வெளியிடுவதற்கும் என்பது அங்கே கருத்து. மணவாள மாமுனிகள் (1370–1443) இதற்கு இட்டருளிய வ்யாக்யானம் நம்மவர் கைகளில் உள்ளது.

இந்த நடுப்பிரிவின் ‘பாரதந்த்ர்யம்’ என்னும் சொல், நூலிலிருந்து வீட்டுக்கு இறங்கி வரும்போது என்னாகிறது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிராட்டியே வாய்திறவாமல் போனாளே, நீ யார் கேள்வி கேட்க என்று மருமகளை அடக்கியதற்கு இச்சொல் உதவியிருக்கிறது. அடியேனுடைய குடும்பத்திலேயே, படிக்கவேண்டும் என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு இதுவே பதிலாகச் சொல்லப்பட்டது. சொன்னவர் வித்வான், அவருக்கு எதிரே ஒருவரும் வாய்திறக்கவில்லை, அடியேனும் திறக்கவில்லை. ஆகையால் இச்சொல் அவ்வாறு ஆளப்படுவது பொருந்துமா என்பதைச் சற்று விரித்தே பார்க்க வேண்டும்.

முதலாவது, பிராட்டி வாய்திறவாமல் போனாள் என்பதே பொய். நாற்பத்தெட்டாம் ஸர்க்கம் முழுவதும் அவள் வார்த்தையே. தன் தூய்மையைப் பெருமாள் அறிவார் என்பதையும், அபவாத பயத்தால் அவர் தன்னை விட்டார் என்பதையும் அவள் சொல்லியனுப்புகிறாள். கங்கையில் இப்போதே உயிரை விட்டிருப்பேன், அவருடைய வம்சம் அற்றுப்போகும் என்பதால் விடவில்லை என்கிறாள். இந்த இடத்தின் தொனியைக் காளிதாஸன் பிடித்துக்கொண்டான். அவனுடைய பிராட்டி, செய்தி அனுப்பும்போது பெருமாளைக் கணவன் முறையால் குறியாமல் அரசன் என்றே குறிக்கிறாள். அதற்கு முன்பும், வனத்துக்குத் தன்னை அழைத்துப்போக மறுத்த பெருமாளோடு அயோத்யாகாண்டத்தில் அவள் வாதாடியது சிறிதன்று. பகையில்லாத அரக்கரைக் கொல்லலாகாது என்று ஆரண்யகாண்டம் ஒன்பதாம் ஸர்க்கத்தில் அவள் உபதேசம் செய்கிறாள். அடுத்த ஸர்க்கத்தில் பெருமாள் அதைக் கேட்டு மகிழ்ந்து மறுமொழி கூறுகிறார்.

இரண்டாவது, லோகாசாரியரின் சொல்லமைப்பு. அவர் ‘பிரிந்தது’ என்றார். ‘பிரித்தது’ என்று அருளிச்செய்யவில்லை. தன்வினையாகிய அச்சொல்லுக்குப் பிராட்டி எழுவாய். வெளியிடுகிறவளும் அவளே. ஊர் விரட்ட, பத்ரன் கோள் சொல்ல, அவள் செயலற்றுப் போனாள் என்று நூல் கூறவில்லை. அபவாதத்தை நூல் காரணமாகவே எண்ணவில்லை. ஊர்ப்பேச்சுக்கு எழுவாய் ஸ்தானத்தைக் கொடுக்க மறுத்து, அதை அவளிடமே அளித்தது அச்சொல். ஒரு மெய்யெழுத்தின் வேறுபாட்டில் எவ்வளவு பெரிய அருளிச்செயல்! அதைச் சொல்லி ஒரு பெண்ணின் வாயை அடைக்கிறவர், சூத்திரத்தில் இல்லாத வல்லெழுத்தைத் தாமே சேர்த்துப் படிக்கிறார்.

மூன்றாவது, பாரதந்த்ர்யம் யாருடைய ஸ்வரூபம்? ஆத்மாக்கள் எல்லாம் பகவானுக்குப் பரதந்த்ரம் என்பதே ஸித்தாந்தம். பிராட்டி அதை வெளியிட்டது எல்லா ஸேதநர்க்காகவும். ஆண்கள் அதில் விலக்கல்லர். மனைவி எவ்வளவு பரதந்த்ரையோ, அவ்வளவுக்குக் கணவனும் பரதந்த்ரன். ‘பர’ என்னும் ஸ்தானத்தில் நிற்க ஒருவனே உளன். அங்கே தான் ஏறி நின்றுகொண்டு மற்றோர் ஆத்மாவுக்குப் பாரதந்த்ர்யம் உபதேசிக்கிறவன், இந்நூல் களையச் சொல்லும் ஸ்வாதந்த்ர்யம் என்னும் தோஷத்தின் முழு உருவமாவான். நோய்க்கு எழுதிய மருந்தின் பெயரையே நோய்க்கு இட்டு வழங்குவது போன்றது இது.

4. உபதேசத்தின் எல்லை

ஆளும் சொல்லைக் கண்டித்துவிட்டு மௌனத்தைப் புகழ்வது எளிது; நம் பூர்வாசாரியர்கள் அவ்வாறு செய்யவில்லை. பிறரைத் திருத்துவதற்குச் சொல் வேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஸ்ரீவசனபூஷணத்திலேயே, பிராட்டி ஸேதநனையும் ஈச்வரனையும் உபதேசத்தாலே திருத்துவாள் என்றும், அதனால் மீளாவிட்டால் ஸேதநனை அருளாலும் ஈச்வரனை அழகாலும் திருத்துவாள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. உபதேசம் தோற்றவிடத்தில் என்ன வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதட்டலோ ஆணையோ சாபமோ வரவில்லை. அருளும் அழகும் வருகின்றன. கேளாதவன் கேளாதிருக்கும் உரிமை அங்கே பறிக்கப்படுவதில்லை. இராவணனிடமும் அவள் நல்வார்த்தை சொன்னாள். அவன் கேளாமல் அழிந்தது அவன் செயல்.

உபதேசிக்கிறவன் கேட்பவளை எவ்வளவு எண்ண வேண்டும் என்பதற்கு ஸுந்தரகாண்டம் முப்பதாம் ஸர்க்கம் சான்று. அசோகவனத்தில் மரத்தின்மேலிருந்த திருவடி, எந்த மொழியில் பேசுவது என்று நெடிது யோசிக்கிறார். ப்ராஹ்மணனைப் போல் ஸம்ஸ்க்ருதம் பேசினால் இராவணனே வந்தான் என்று பிராட்டி அஞ்சுவாள் என்று கருதி, மனிதர் வழங்கும் எளிய மொழியையே கொள்கிறார். திருத்தமான மொழி எதுவோ அதுவே, ஒருவனுடைய வாயில் ஆட்சியின் மொழியாகிவிட்டிருந்தது; ஆகையால் திருவடி அதை விட்டார். ஸம்ஸ்க்ருதம் கற்று அதனால் பிழைக்கும் எங்களைப் போன்றவர்கள் நாள்தோறும் எண்ண வேண்டிய இடம் இது.

இனி ‘ஐதிஹ்யம்’ என்னும் சொல்லுக்கு மீளுவோம். தர்க்கிகர் தள்ளிய இதே சொல்லை நம்மவர் ஈடு முதலிய வ்யாக்யானங்களில் வரும் ஆசாரிய வ்ருத்தாந்தங்களுக்குப் பெயராகக் கொண்டனர். இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அவர்கள் அச்சொல்லுக்குச் செய்த சிகிச்சை தற்செயல் அன்று. நம் ஐதிஹ்யத்தில் சொன்னவர் பெயர் உண்டு. பெரும்பாலும் கேட்டவர் பெயரும் உண்டு. பரமபதத்தில் எம்பெருமானுக்கு இரண்டு திருக்கையோ நான்கோ என்று அனந்தாழ்வான் கேட்டார் என்றும், இரண்டாகில் பெரிய பெருமாளைப் போல, நான்காகில் நம்பெருமாளைப் போல என்று பட்டர் விடையளித்தார் என்றும் படிக்கிறோம். ஒருவர் கேட்கிறார்; ஒருவர் விடை சொல்லுகிறார்; விடையும் கேட்டவரைக் கட்டிப்போடாமல் நிற்கிறது. ஆளும் சொல்லின் அடையாளங்களாக மேலே காட்டிய இரண்டும் இங்கே இல்லை.

இவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லி முடிக்கிறேன். கந்தாடை தோழப்பர், நம்பிள்ளையின் கோஷ்டி பெருகுவதைப் பொறாமல், ஒருநாள் பெருமாள் ஸந்நிதியில் பலர் முன்னே அவரைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை எதிர் பேசாமல் திருமாளிகைக்கு எழுந்தருளினார். செய்தி கேட்ட தோழப்பருடைய தேவிகள், ஆசாரியரை அவமதித்தவரோடு தமக்கு என்ன உறவு என்று நேரே கேட்டார். தோழப்பர் தெளிந்து, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் நம்பிள்ளை காத்திருந்தார். உம்முடைய திருவுள்ளம் கலங்கும்படி நடந்தேனே என்று தாமே பொறுத்தருள வேண்டினார். இவர் சிலருக்கு ஆசாரியர் அல்லர், லோகத்துக்கே ஆசாரியர் என்று தோழப்பர் சொன்ன வார்த்தையே நம்பிள்ளைக்கு லோகாசாரியர் என்னும் திருநாமமாயிற்று. அவருடைய சிஷ்யரான வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் குமாரர்க்கு அத்திருநாமத்தையே சாத்தினார். அக்குமாரரே ஸ்ரீவசனபூஷணம் அருளிய பிள்ளை லோகாசாரியர்.

பாரதந்த்ர்யத்தை எடுத்துரைத்த ஆசாரியருடைய திருநாமமே, கணவனுடைய தவற்றை முகத்துக்கு நேரே கேட்ட ஒரு பெண்ணின் மறுமொழியிலிருந்து பிறந்தது. இதை மறைக்காமல் காத்து வைத்தது நம் ஸம்ப்ரதாயம்.

5. பெரியவரின் இரண்டாவது கேள்வி

அந்த மார்கழியிலேயே பெரியவரிடம் சென்று, மூலத்தில் வண்ணான் இல்லை, ஊரார்தாம் பேசினர் என்று சொன்னேன். நம்பெருமாள் திருப்பரிவட்டங்களை அழகாக வெளுத்துக் கொணர்ந்த ஈரங்கொல்லியை எம்பெருமானார் பெருமாள் திருமுன்பே அழைத்துச் சென்று விண்ணப்பிக்க, வடமதுரையில் கம்ஸனுடைய வண்ணான் கண்ணனிடம் பட்ட அபராதத்தை இவனுக்காகப் பொறுத்தோம் என்று பெருமாள் அருளிய ஐதிஹ்யத்தையும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, “சாமி, எங்கிட்ட தனியா சொல்றீங்க. மடத்துல சொன்னத மடத்துலயே சொல்லுவீங்களா?” என்றார்.

சொல்லுவேன் என்றேன். அவ்வாண்டு சொல்லவில்லை. உபந்யாஸத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் வருந்துவர் என்றும், கற்றவர்கள் நகைப்பர் என்றும் அஞ்சினேன். அபவாத பயம் அடியேனையும் ஆண்டது. மூன்றாம் ஆண்டில்தான் அதே மடத்தில், அதே இடத்தில் அமர்ந்து, முன்பு சொன்னது மூலத்தில் இல்லை என்றும், அடியேன் பாராமற் பேசினேன் என்றும் சொன்னேன். பெரியவர் மடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திருப்பரிவட்டம் கொண்டுவந்தபோது பேரனையும் கூட அழைத்து வந்திருந்தார்.

பெருமுக்கல் குன்றில் பிராட்டி தங்கியது உண்மையா என்று கேட்பவர்களுக்கு, மூலம் கங்கைக்கரையைச் சொல்லுகிறது என்றே விடை கூறுகிறேன். இதுவும் சொன்னவர் பெயரில்லாத பேச்சே. ஆனால் அயோத்தியின் ஊர்ப்பேச்சு அவளை வெளியே தள்ளிற்று. இந்தக் குன்றடியின் ஊர்ப்பேச்சு அவளுக்கு ஒதுங்க ஒரு குகை கொடுத்தது. இதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. ஆகையால் அதை மறுக்கப் புகுவதில்லை. ஈற்றில் உள்ள ‘ஆம்’ என்பதை மட்டும் விடாமல் சொல்லிவருகிறேன். உபந்யாஸம் செய்யும் இளைய வித்வான்களுக்கு அடியேனுடைய விண்ணப்பமும் அவ்வளவே. ஒரு வார்த்தையை மேடையில் எடுக்குமுன் அதைச் சொன்னவர் யார் என்று மூலத்திற் பார்க்க வேண்டும். சொல்லி முடித்தபின், அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் வாசலில் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.